பாரதி பூங்கா, தாவரவியல் பூங்கா: புதுச்சேரியின் இரண்டு பூங்காக்களையும் ஒரே நாளில் ஒழுங்காகப் பார்ப்பது எப்படி

புதுச்சேரிக்கு ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். மணக்குள விநாயகர், ஆசிரமம், நேரு வீதியில் கொஞ்சம் துணிமணி, சாயங்காலம் பீச் ரோடு, ராத்திரி பஸ். பாரதி பார்க் இதில் கால் வலிக்கும்போது உட்கார ஓர் இடமாகத்தான் வருகிறது, வெள்ளை மண்டபத்துக்கு முன்னால் நின்று நான்கு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தாவரவியல் பூங்காவுக்கு அதுவும் கிடையாது. கடலூர் ரோட்டில் வருகிற பஸ் அதன் ஓரமாகவே திரும்புகிறது, ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டு பூங்காக்களுக்கும் ஒரு முழு நாளைக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. கொடுத்தால் புதுச்சேரியின் முந்நூறு வருஷக் கதையில் பாதி உங்களுக்குக் கிடைத்துவிடும், அதுவும் கட்டணம் பெரிதாக எதுவும் இல்லாமல். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும்: இது எங்கிருந்து இங்கே வந்தது? மரத்தைப் பார்த்தாலும் கேளுங்கள், தண்ணீரைப் பார்த்தாலும் கேளுங்கள், கல்லைப் பார்த்தாலும் கேளுங்கள். இங்கே இருப்பதில் நிறைய விஷயம் வேறு எங்கிருந்தோ வந்ததுதான்.

எப்போது வருவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கினாலும் காலையில் பிரச்சினை இல்லை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, அந்த மாதங்களில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைத் தொட்டபோது ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி ஊரே தண்ணீரில் நின்றது. புயல் மழைக்குப் பிறகு சில நாட்களுக்குப் பெரிய மரங்கள் உள்ள எந்தப் பூங்காவுக்கும் போகாமல் இருப்பது நல்லது. ஊறின மண்ணில் கிளைகள் மட்டுமல்ல, மரமே காற்றில்லாமல் சாயும்.

திங்கட்கிழமை வராதீர்கள். பூங்காக்களுக்காகச் சொல்லவில்லை, பாரதி பார்க்கை ஒட்டியுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை, அதைப் பார்க்காமல் பூங்காவின் கதை முழுசாகாது. நவம்பர் 1, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16 மாதிரியான நாட்களில் விழா ஏற்பாட்டுக்காகப் பீச் பக்கத்து வீதிகளைத் தடுப்பு வைத்து அடைப்பது வழக்கம். 1954 நவம்பர் 1 அன்றுதான் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்த விழாக்களையே பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள், பூங்காவை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள் பாருங்கள். சட்டசபை நடக்கிற நாட்களும் அப்படித்தான், சட்டசபைக் கட்டடம் பாரதி பார்க்கைப் பார்த்தபடியே இருக்கிறது, போலீஸ் கெடுபிடி இருக்கும்.

கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் சுமார். காலையில் முதல் முதலாகக் கிடைக்கும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை தாண்டி, பழைய ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட்டையும் தாண்டினால் தாவரவியல் பூங்கா வந்துவிடும். கண்டக்டரிடம் "பொட்டானிக்கல் கார்டன்" என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி நடக்கத் தேவையில்லை.

காலையில் தாவரவியல் பூங்கா

காலை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நாகலிங்கம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தத் தோட்டம் 1826-ல் பிரெஞ்சு நிர்வாகம் அமைத்தது. இருபத்திரண்டு ஏக்கர் பரப்பு. பழைய ஊரைச் சுற்றி ஓடுகிறதே புல்வார் என்கிற அகலச் சாலை, அது பழைய மதில் இருந்த கோடு, தோட்டம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. பொழுதுபோக்குக்காக மட்டும் போட்ட தோட்டம் இல்லை இது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஐரோப்பிய அரசும் தன் காலனிகளில் இப்படி ஒரு தோட்டம் வைத்திருந்தது, ஒரு கண்டத்தின் செடியை இன்னொரு கண்டத்தில் நட்டு, வருகிறதா, லாபம் தருகிறதா என்று பார்க்க. புதுச்சேரித் தோட்டத்தில் வெகுகாலம் வேலை செய்த பெரொத்தே என்பவரின் வாழ்க்கையைப் பார்த்தாலே இது விளங்கும். ஜார்ஜ் சாமுவேல் பெரொத்தே, 1793-ல் இன்றைய சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1819 முதல் 1821 வரை ஒரு கப்பல் பயணத்தில் தோட்டக்காரராகப் போய் ரீயூனியன், ஜாவா, பிலிப்பைன்ஸ் எல்லாம் சுற்றிச் செடிகளைச் சேகரித்து தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவில் நடுவதற்குக் கொண்டுபோனார். பிறகு செனகலில் சில வருஷம். நீலகிரியிலும் செடி சேகரித்திருக்கிறார். கடைசியில் புதுச்சேரி, இங்கே பட்டுப்புழு வளர்ப்பையும் முயன்று பார்த்தார். 1870-ல் இறந்ததும் இந்த ஊரில்தான். பெரொத்தெஷியா என்று ஒரு தாவரப் பேரினத்துக்கே அவர் பெயர் இருக்கிறது, ஆனால் நம் ஊர்ப் பாடப் புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு வரி படித்த ஞாபகம் எனக்கு இல்லை. இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

செடி இப்படி ஊர்விட்டு ஊர் போனது நமக்கு ஏதோ தூரத்துச் சங்கதி இல்லை. பண்ருட்டி முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த மரம். நம் பக்கத்து மல்லாட்டையும் (வேர்க்கடலை) தென் அமெரிக்காவின் பயிர்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. இன்று பூங்கா வாசலில் வேகவைத்த மல்லாட்டை வாங்கித் தின்றுகொண்டே உள்ளே போகிறோமே, அதற்குள்ளேயும் அதே கதைதான் இருக்கிறது.

சரி, உள்ளே போனதும் என்ன செய்வது? முதலில் நேராக மீன் காட்சியகத்துக்கோ பொம்மை ரயிலுக்கோ ஓடாதீர்கள். அவை இரண்டும் இருக்கின்றன, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் ரயில் எல்லா நாளும் ஓடும் என்று சொல்ல முடியாது, வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இசை நீரூற்றும் அப்படித்தான். முதல் ஒரு மணி நேரத்தை மரங்களுக்குக் கொடுங்கள். பெரிய மரங்களில் பெயர்ப் பலகை இருந்தால் படியுங்கள், பலகை இல்லாத மரத்தின் இலையையும் பட்டையையும் போனில் படம் எடுத்துக்கொண்டால் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்க்கலாம்.

இப்போது நாகலிங்கத்துக்கு வருகிறேன். புதுச்சேரியின் மாநில மலர் இது (மாநில மரம் வில்வம், பறவை குயில், விலங்கு அணில், இந்த நான்கையும் இந்தப் பூங்காவிலேயே தேடலாம்). நாகலிங்கப் பூவைக் கோயில்களில் சிவனுக்கு வைத்துப் பார்த்திருப்பீர்கள், அதனால் நம் மண்ணின் ஆதி மரம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தென் அமெரிக்காவின் வடபகுதிக் காட்டு மரம், கயானா பக்கத்தது. அங்கிருந்து வந்த மரத்தை நம் ஜனங்கள் ஒரே பார்வையில் சிவன் மரமாக்கிவிட்டார்கள், அதற்கு அந்தப் பூவே காரணம்.

விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் போனால் அன்று விரிந்த பூ இருக்கும். மற்ற மரங்கள் மாதிரி இதில் பூ கிளை நுனியில் வருவதில்லை, அடிமரத்திலிருந்தே தடித்த காம்புகள் கயிறு கயிறாகத் தொங்கும், அதில்தான் பூ. ஆறு இதழ், சதைப்பற்றோடு கனமாக, உள்பக்கம் சிவப்பும் இளஞ்சிவப்பும், வெளிப்பக்கம் மஞ்சள் ஓடியது. நடுவில் வட்டமாக ஒரு மகரந்த மேடை, அதன் ஒரு ஓரத்திலிருந்து நாக்கு மாதிரி ஒன்று நீண்டு வளைந்து மேடைக்கு மேலே குடை பிடிக்கும், அதன் உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன இழைகள். படம் எடுத்த நாகம், அதன் கீழே லிங்கம், யாரும் சொல்லித் தரவே வேண்டாம். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. இந்தப் பூவில் தேன் கிடையாது. மேடையில் உள்ள மகரந்தம் முளைக்கிற மகரந்தம், குடையில் உள்ளது முளைக்காது, அது தேடி வரும் வண்டுக்கும் தேனீக்கும் போடும் சாப்பாடு. குடையில் இருப்பதைத் தின்ன உள்ளே நுழையும்போது முதுகில் மேடையின் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பெரிய கருவண்டு ஒன்று உள்ளே நுழைந்து புரண்டு வெளியே வருவதைக் காலையில் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். ஒரு பூவின் ஆயுசு ஒரு நாள்தான், வெயில் ஏறின பிறகு வாசமும் குறையும், சாயங்காலம் போனால் கீழே உதிர்ந்து கிடப்பதைத்தான் பார்ப்பீர்கள்.

காயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டையாக, பழுப்பாக, தலை அளவுக்குக் கூட வளரும். கீழே விழுந்து உடைந்தால் நாற்றம் தாங்காது. பூங்காவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, மரத்தடியில் பூ பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமியைப் பார்த்து, "பாப்பா, காய்க்கு நேரா கீழ நிக்காத, இப்டி வா" என்று அதட்டியதைக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா சொன்னதுதான் விதி. காய் தொங்குகிற பக்கம் நிற்காதீர்கள், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், உதிர்ந்த பூவை எடுத்துக்கொள்ளலாம், மரத்திலிருந்து பறிக்காதீர்கள்.

அடுத்து தூங்குமூஞ்சி மரம். ஊரிலேயே நிறைய இருப்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. இதுவும் மத்திய, தென் அமெரிக்க மரம். பொழுது சாய்ந்தாலும் மேகம் மூடினாலும் இலைகளை மடித்துக்கொள்ளும். பகலில் அதன் நிழலின் அகலத்தைக் காலடியால் அளந்து பாருங்கள், பிள்ளைகளுக்கு நல்ல வேலை. செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, மே மாதத்தில் ஊரெல்லாம் சிவக்க வைப்பது. மரமல்லி பர்மா பக்கத்தது. இவற்றுக்கு நடுவில் நம்முடைய வேம்பையும் மகிழத்தையும் புளியையும் தேடுங்கள், ஆனால் புளியும் ஆப்பிரிக்காவில் பிறந்த மரம் என்பதை மறக்க வேண்டாம், நம்மிடம் அது வந்து சேர்ந்தது எந்தக் கப்பல்காரனுக்கும் வெகுகாலம் முன்பு.

நடக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல வயசான மரங்கள் நிற்கும், பக்கத்திலேயே மெல்லிய இளம் மரங்கள் நிற்கும், நடுவயசு மரம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றினால் 2011 டிசம்பர் 30-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கடலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தானே புயல் நம் முந்திரியையும் பலாவையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்த அதே காலை, புதுச்சேரியிலும் வீதி வீதியாக மரங்கள் விழுந்தன. பலா மரம் மறுபடி காய்க்க எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, ஒரு பூங்கா தன் மரங்களை இழந்தால் என்ன அர்த்தம் என்று புரியும். அதனால்தான் சொல்கிறேன், அடிமரத்தில் பெயர் செதுக்குகிறவர்களைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். "வேணாம் தம்பி" என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

ஒன்பதரை, பத்து மணி வரை இங்கே இருந்துவிட்டு டிபன் சாப்பிடக் கிளம்பலாம். வெளியே மறைமலையடிகள் சாலைப் பக்கம் ஓட்டல்களுக்குக் குறைவில்லை.

நடுவில் ஒரு சின்ன நடை

இங்கிருந்து பாரதி பார்க் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோ வேண்டுமானால் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நடக்க முடிந்தவர்கள் சுப்பையா சாலை வழியாகக் கிழக்கே போங்கள், வழியில் இருதய ஆண்டவர் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்துவிடலாம், காலை வெயில் படுகிற பக்கத்துக் கண்ணாடியை உள்ளிருந்து பாருங்கள், பூசை நடந்தால் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ரயில் நிலையமும் இந்தச் சாலையில்தான், விழுப்புரத்திலிருந்து இங்கே ரயில் வந்தது 1879-ல். அப்புறம் வடக்கே திரும்பி வெள்ளைக்கார வீதிகள் வழியாகப் பூங்காவுக்கு வந்துவிடலாம்.

பாரதி பூங்கா: முதலில் வெளியே ஒரு சுற்று

பூங்காவுக்குள் நேராக நுழையாமல், முதலில் வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வடக்குப் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் ராஜ் நிவாஸ், துணைநிலை ஆளுநர் மாளிகை. பக்கத்திலேயே சட்டசபை, அருங்காட்சியகம், 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம். ஒரு ஊரின் அதிகாரம் முழுக்க ஒரு பூங்காவைச் சுற்றி ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது. நீங்கள் நிற்கும் இந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் பெரிய கோட்டை நின்றது. லூயி கோட்டை, பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மார்த்தேன் காலத்தில் தொடங்கி 1706-ல் முடிந்தது. ஐங்கோண வடிவம், மூலைக்கொரு கொத்தளம், பிரான்சில் வோபான் என்ற புகழ்பெற்ற கோட்டைப் பொறியாளரின் பாணியில் கட்டியது. நம் கடலூரில் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர், இங்கே பிரெஞ்சுக்காரர், இருபது சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1758-ல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தது. 1761 ஜனவரியில் முற்றுகை தாங்காமல் புதுச்சேரி சரணடைந்தபோது ஆங்கிலேயர் அதற்குப் பதில் செய்தார்கள்: லூயி கோட்டை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே கட்டிய மாளிகை, வெள்ளைக்கார வீதிகள் எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார்கள். இந்தக் காலத்தையெல்லாம் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே 1761 ஜனவரியில் இறந்துபோனார். நீங்கள் நடக்கிற வீதிக்கு அவர் பெயர்தான்.

1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து ஊரை மறுபடி கட்டினார்கள், ராஜ் நிவாஸ் அப்போது எழுந்ததுதான். கோட்டையைத் திரும்பக் கட்டவில்லை. அந்த இடம் வெளியாகவே கிடந்து, சதுக்கமாகி, பூங்காவாகி, இப்போது பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் முகத்துவாரத்தை ஒட்டி மிஞ்சியிருக்கும் சுவர்களையும் ஒருநாள் போய்ப் பார்த்தால் இந்தக் கதையின் இரண்டு பக்கமும் கைக்கு வந்துவிடும்.

ராஜ் நிவாஸுக்குள் போக முடியாது. வாசல் பக்கமும் சட்டசபைப் பக்கமும் படம் எடுக்கும்போது காவலர் வேண்டாம் என்றால் போனை இறக்கிவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

ஆயி மண்டபம்

இப்போது உள்ளே போகலாம். எந்த வாசல் வழியாக வந்தாலும் பாதை உங்களை நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபத்துக்குத்தான் கொண்டுவிடும். கிரேக்க, ரோமானியப் பாணி, நான்கு பக்கமும் வளைவு, வளைவை ஒட்டித் தூண்கள். மூன்றாம் நெப்போலியன் பிரான்சின் பேரரசராக இருந்த காலத்தில் கட்டியது. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதுவேதான், அரசாங்கக் கடிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

படம் எடுத்து முடித்ததும் போய்விடாமல் நிழலில் உட்கார்ந்து இந்த மண்டபம் யாருக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லப்படும் கதை இது. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தன் மந்திரியோடு முத்திரையர்பாளையம் பக்கம் வந்தார். பொழுது சாய்ந்த நேரம். விளக்கும் வாசனையுமாக ஒரு மாளிகை தெரிந்தது, கோயில் என்று நினைத்துக் கைகூப்பி வணங்கிவிட்டார். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் அது ஆயி என்ற தாசியின் வீடு என்று சொன்னதும் அரசருக்குக் கோபம், வீட்டை இடிக்கச் சொன்னார். ஆயி கெஞ்சினாள், உயிருக்கல்ல, நானே இடித்துக்கொள்கிறேன் என்று அவகாசம் கேட்டு. தன் வீட்டைத் தானே இடித்து, சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் போட்டு அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள்.

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு வாய்வழியாகச் சேர்ந்தது என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம். ஆனால் முத்திரையர்பாளையத்தில் ஆயி குளம் உண்டு, அங்கே நல்ல தண்ணீர் உண்டு, அந்தத் தண்ணீர் பூங்காவுக்கு வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. வெள்ளைக்கார வீதிகள் கடலை ஒட்டி இருப்பதால் கிணறு வெட்டினால் உப்பு. 1860களில் லமெரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சுமார் ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்தார் (தமிழ்ப் பாடல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் இவர்தான்). தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிரெஞ்சுப் பேரரசருக்குத் தெரியவந்து, ஆயியின் கதையைக் கேட்டு, அவளுக்கு நினைவுச்சின்னம் எழுப்பச் சொன்னார் என்பது கதையின் மறுபாதி.

எனக்கு இதில் மனசு நிற்கிற இடம் ஒன்று உண்டு. இந்தச் சதுக்கத்தில் எத்தனையோ ஆளுநர்கள் உலாவியிருக்கிறார்கள், படைத்தலைவர்கள் வந்து போயிருக்கிறார்கள். நடு மண்டபம் அவர்கள் யார் பெயரிலும் இல்லை. குளம் வெட்டின ஒரு தாசியின் பெயரில் இருக்கிறது, ஒரு அரசாங்கம் அதையே தன் முத்திரையாக வைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். தாசி என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது என்று தயங்கி "ராணி" என்று மாற்றிச் சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன், அப்படி மாற்ற வேண்டாம், மாற்றினால் கதையின் உயிரே போய்விடும்.

மண்டபத்தை நன்றாகப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு வளைவுக்கு நேராக, கொஞ்சம் தூரத்தில் நின்று, அந்த வளைவின் வழியாக எதிர் வளைவுக்கு அப்பால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிறகு நான்கு பக்கமும் இடம் மாறி நின்று பாருங்கள். பூங்காவின் நடுவில் வைத்துப் பாதைகளை அதை நோக்கி வரைந்தவர்களின் எண்ணம் அப்போதுதான் பிடிபடும். வெள்ளைச் சுவரில் வெயில் நேராக அடிக்கும் நண்பகலில் படம் சரியாக வராது, நான்கு மணிக்கு மேல் நன்றாக வரும்.

மத்தியானத்தை எங்கே கழிப்பது

பதினொன்றரைக்கு மேல் வெயிலில் பூங்காவில் அலையாமல் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளைப் பாருங்கள், நகம் அளவுகூட இல்லாத மணியைக் கல்லிலும் கண்ணாடியிலும் செய்து துளை போட்டிருப்பார்கள். அரிக்கமேடு நீங்கள் காலையில் தாண்டி வந்த அரியாங்குப்பத்தை ஒட்டித்தான், 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய வணிகத்தின் தடயங்கள் வெளிவந்தன. வெண்கலச் சிலைகள், பிரெஞ்சுக் காலத்து மரச் சாமான்கள், பல்லக்கு எல்லாம் உண்டு. படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு நேரு வீதிப் பக்கம் போய்ச் சாப்பிட்டால் வகையாகக் கிடைக்கும். பூங்காவுக்குள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம், காகமும் நாயும் கூடிவிடும், மீதியை யாராவது பெருக்க வேண்டும்.

பெரியவர்கள், பிள்ளைகள்

முட்டி வலி உள்ள ஆயா, தாத்தாவோடு வந்தால் தாவரவியல் பூங்காவில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இருபத்திரண்டு ஏக்கரும் சுற்ற வேண்டியதில்லை. பாரதி பார்க்கில் சமதரை, உட்கார இடம் நிறைய, அங்கே அவர்களை உட்கார வைத்துவிட்டு நீங்கள் வெளிச்சுற்றுப் போய் வரலாம். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். கழிப்பறை உள்ளதா, திறந்திருக்கிறதா என்பதை உள்ளே நுழையும்போதே காவலாளியிடம் கேட்டு வைத்துக்கொண்டால் அவசரத்தில் அலைய வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். மரத்தின் பெயர், எந்த நாட்டிலிருந்து வந்தது, இலையின் படம். அணில் எத்தனை என்று எண்ணச் சொன்னால் சின்னதுகள் சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் எண்ணும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை குயில் கூவுவதும் கேட்கும். பாரதி பார்க் என்று ஏன் பெயர் என்று கேட்டால், 1908 முதல் 1918 வரை பாரதியார் இந்த ஊரில்தான் அடைக்கலமாக இருந்தார், பிரிட்டிஷ் போலீசால் இங்கே வந்து கைது செய்ய முடியாது, அவர் எழுதியதில் மிகச் சிறந்தவை இங்கே எழுதியவை என்று சொல்லுங்கள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் இருந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது, நடந்தே போகலாம்.

சாயங்காலமும், மிச்ச நேரமும்

நான்கு மணிக்கு மேல் பாரதி பார்க்குக்குத் திரும்பி வந்து வெயில் தாழ்ந்ததும் படம் எடுத்துக்கொண்டு, கிழக்கே இரண்டு மூன்று வீதி நடந்தால் கடல். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல் தூண்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரே கல். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புசி செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிறகு பத்து வருஷத்துக்கு மேல் செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. தூணின் வேலைப்பாட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கடல் உப்புக்காற்று எந்தப் பக்கத்தை அதிகம் தின்றிருக்கிறது என்று கையால் தடவினாலே தெரியும். பழைய கலங்கரை விளக்கம் 1836-ல் ஏற்றியது, அதுவும் பக்கத்தில்தான்.

இன்னொரு நாள் கிடைத்தால், அல்லது வண்டியில் வந்திருந்தால், முத்திரையர்பாளையம் போய் ஆயி குளத்தைப் பாருங்கள். பூங்காவில் மண்டபத்தைப் பார்ப்பவர்களில் குளத்தைப் பார்த்தவர்கள் வெகு குறைவு. ஊர்க்காரர்களிடம் "ஆயி குளம் எங்கேண்ணே" என்று கேட்டால் வழி சொல்வார்கள். மரங்களில் ஆர்வம் வந்துவிட்டவர்கள் திருவக்கரைக்குப் போகலாம், விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிற தேசிய கல்மரப் பூங்கா அங்கே இருக்கிறது. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் ஆண்டு வளையம் தெரியத் தெரியக் கல்லாகிக் கிடக்கின்றன. பக்கத்திலேயே வக்கரகாளியம்மன் கோயில், பௌர்ணமி அன்று கூட்டம் நெரியும், கல்மரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் வேறு நாளில் போங்கள், காலையில் போங்கள், தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள், அங்கே நிழல் கிடையாது.